நூடுல்ஸுக்கு முன் பாதி ஜெபம்

சித்தூரிலிருந்து வந்த அம்மாவைத் திருப்பதியில் ஒரு ஃபுட் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். மாவைக் கையால் இழுத்து இழுத்தே செய்யும் சீன நூடுல்ஸ் சூப் வாங்கினேன். செய்தவரையும் சீனாக்காரர் என்று நினைத்து, காரம் வேண்டாமென்று சைகையில் சொன்னேன்.

கிண்ணம் வந்ததும் அம்மா வீட்டில் போலவே கண்ணை மூடிச் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள்.

"எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க, போதும்மா."

அம்மா பாதியில் நிறுத்திவிட்டார். நான் நிமிர்ந்து பார்த்தால், கவுண்டருக்குப் பின்னால் அந்த மனிதர் மாவு படிந்த கைகளைக் கூப்பி, கண்மூடி நின்றிருந்தார். பிறகு எங்களிடம் வந்து தெலுங்கில் சொன்னார்: "முடிச்சிடுங்கம்மா. நான் மிசோரம். எங்க அம்மாவும் இப்படித்தான் ஜெபிப்பாங்க."

அம்மா அவர் பெயரைக் கேட்டு, அதையும் சேர்த்து, விட்ட இடத்திலிருந்து ஜெபித்தார்.

சூப் ஆறிப்போயிருந்தது. ஆனால் ஆமென் சொன்ன மூவரில் என் குரல்தான் சத்தமாகக் கேட்டது.