பைக்குள் சிவப்புப் பொத்தான்

பாலைக்கூட விரலில் தொட்டுப் பார்த்தே வாங்கும் சந்தேகப் பேர்வழி அந்த மூன்றாம் வகுப்பு டீச்சர். பார்க்காமல் பைக்குள் கைவிட்டால் சிவப்புப் பொத்தான் வருமா, வெள்ளை வருமா என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் அன்றைய பாடம். தையல்காரர் மகள் மட்டும் சொல்லிச் சொல்லிச் சிவப்பையே எடுத்தாள்.

"கள்ளி! ஓரக்கண்ணால பாக்குறா, டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது.

டீச்சர் அவள் கண்ணைக் கட்டினார். மறுபடியும் சிவப்பு.

"உண்மையச் சொல்லு. இல்லன்னா இனிமே உன்னை விளையாட்டுல சேர்க்க மாட்டேன்."

சிறுமி அழுதுவிட்டாள். "நான் பாக்கவே இல்ல டீச்சர். சிவப்புல நாலு ஓட்டை, வெள்ளையில ரெண்டுதான். தடவினாலே தெரியுதே!"

பொத்தான்களை வாங்கியவர் டீச்சர்தான். பைக்குள் தாமே கைவிட்டுத் தடவியவர், அவள் கண்கட்டை அவிழ்த்தார்.

"கள்ளத்தனமெல்லாம் பைக்குள்ளதான்டி இருந்திருக்கு. வா, கடைக்குப் போய் நீயே ஒரே மாதிரியாப் பொறுக்கிக் குடு."