பாலில் இறங்கிய புச்கா

நேற்று காளிகாட் சந்தில் நின்று புச்கா தின்றேன். நம்ம பானிபூரிக்கு இங்கே அதுதான் பேர். இன்று காலையிலிருந்து வாந்தி, பேதி.

விஷயம் தெரிந்து மதுரையிலிருந்து மாமியார் போன்.

"வெளியில என்னத்தடி தின்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை, தண்ணி ஒத்துக்கல."

"பத்தியமா இருன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீ திங்கிறதுதான் பால்ல இறங்கும். பிள்ளைக்குக் குடுக்காத!"

நாலு மாசப் பிள்ளை பசியில் வீறிட்டாள். எனக்குப் பால் கட்டி வலி. பயந்துபோய் டாலிகஞ்ச் டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"நிறுத்தாதீங்க திதி," என்றார். திதின்னா இங்கே அக்கா. "உங்க வயித்துல புகுந்த வைரஸை எதிர்க்க உங்க உடம்பு ஆன்டிபாடி செய்யும். அது பால் வழியா இவ குடலுக்குப் போகும். இவளுக்கு வாந்தி, பேதி வரவே வராதுன்னு சொல்லமாட்டேன். வந்தாலும் வேகம் குறையலாம். கையை மட்டும் நல்லா சோப்புப் போட்டுக் கழுவிக்கோங்க."

அங்கேயே கொடுத்தேன். அவள் குடித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது, அத்தை சொன்னது ஒரு வகையில் சரிதான். நான் தின்றது பாலில் இறங்கத்தான் செய்கிறது, புச்காவாக அல்ல, அதற்குப் பதிலடியாக.

இதை அத்தையிடம் சொல்ல ஆசை. சொன்னால் புச்கா தின்றதையும் சொல்லணும்.

வைரஸுக்கு ஆன்டிபாடி இருக்கு. அத்தையின் அடுத்த கேள்விக்கு உங்க யாரிடமாவது இருக்கா?