அதிபர் சாமியின் குரல்

எனக்கு இப்போது காது மந்தம். ஆனாலும் அதிபர் சாமியின் பழைய குரல் நினைவில் தெளிவாகவே இருக்கிறது. ஆலங்குடிப் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழாவில்தான் அதை முதலில் கேட்டேன். அன்று ஒலிபெருக்கி பழுது. இருந்தும் தேர் நின்ற இடம்வரை அவருடைய பிரசங்கம் கேட்டது. அப்போது அவர் குருமடத்தின் அதிபர். பாதிரியார்களாகப் போகிறவர்களுக்குப் பிரசங்கம் செய்யக் கற்றுக்கொடுத்தவர்.

சில வருஷங்கள் கழித்து, கீரனூருக்கு வெளியே ஒரு தொழுநோயாளர் இல்லத்தில் நான் நர்ஸாக இருந்தபோது, அவர் அங்கே பொறுப்பேற்க வந்தார். தொண்டையில் இருந்த கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். மூச்சோடு கலந்த ஒரு கரகரப்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. குருமடத்துக்கு வேறு அதிபர் வந்துவிட்டார். தொடக்கத்தில் பழைய மாணவர்கள் பார்க்க வந்தார்கள். அவர் சொல்வது புரியாமல், புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். பிறகு அந்த வரவும் நின்றுபோனது.

இல்லத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் விவசாயக் குடும்பத்து மனிதர்கள். வீட்டார் கொண்டுவந்து விட்டுப் போனவர்கள். சாயங்காலங்களில் சாமி ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, கீரமங்கலத்துக்காரர் ஒருவரின் கட்டிலருகே உட்காருவார். கிணறு, மாடு, தான் இங்கே வந்த பிறகு வீட்டுக்கு வந்த மருமகள் என்று அந்தப் பெரியவர் பேசிக்கொண்டே இருப்பார். "சாமிகிட்டப் பேசுனா யாரும் குறுக்க வாரதில்லங்க" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். சாமி சத்தமில்லாமல் சிரித்தார்.

பெரியவருக்கு நோய் குணமானது. சொல்லி அனுப்பியும் மகன் அழைத்துப் போக வரவில்லை. சாமியே அவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். துணைக்கு நானும் போனேன்.

மகன் வாசலை மறித்தாற்போல நின்றான். "வைக்கப்போருகிட்ட கொட்டகை போட்டுத் தாரேங்க. அங்கிட்டு இருக்கட்டும்" என்றான். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சாமி வாய் திறந்தார். ஒரு சொல்லும் எடுபடவில்லை. மறுபடி முயன்றார், கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

பிறகு தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார். மருமகள் செம்பில் கொண்டுவந்தாள். அதைப் பெரியவரிடம் கொடுத்தார். அவர் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போக, சாமி அவர் கையைப் பிடித்துச் செம்பை வாயருகே கொண்டுபோனார். அவர் வாய் வைத்துக் குடித்தார். மீதியை அதே செம்பில், அதே போல வாய் வைத்து, சாமி குடித்தார்.

மருமகள் வந்து வெறுங்கையால் செம்பை வாங்கிக்கொண்டாள். "மாமா, வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க" என்றாள். மகன் ஒதுங்கி வழிவிட்டான்.

திரும்பும் பஸ்ஸில், "நல்லபடியா முடிஞ்சுது சாமி" என்றேன். அவர் ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்காமல், காதை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"இனிமே சாயங்காலத்துல நான் யாரு பேச்சைக் கேப்பேன்?" என்றார்.

மறுநாள் சாயங்காலம் சாமி முக்காலியை வேறொரு கட்டிலருகே போட்டுக்கொண்டார். அதில் கிடந்தவர் புதிதாக வந்தவர். சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். அவர் திரும்பவில்லை, சாமியும் கூப்பிடவில்லை. நான் விளக்கேற்றிக்கொண்டு வரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.