தரைக்குப் போன பானெட்

வில்லாபுரத்தில் ஜீப் மெக்கானிக் என்றால் தனிஸ்லாஸ்தான். அறுபத்தெட்டு வயது. ஒரு துண்டுத் தகரத்தைக்கூட வீணாக்க மாட்டார். அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் காதைப் புண்ணாக்குவார்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார், பழைய ஜீப்புகளைச் சேர்ப்பவர். அவர் கணக்கில் இரண்டு வண்டிகள், அதில் ஒன்றை வாங்குவார். சிம்மக்கல் பாத்திரக்கடைக்காரருடையது பானெட், அதாவது இன்ஜின் மூடி, உயரமான மாடல். ஒரு காலத்தில் ஊரெல்லாம் ஓடியது. டி. கல்லுப்பட்டி வெள்ளைத்துரையுடையது அதற்கும் முந்தைய, பானெட் தாழ்ந்த மாடல், தேடினாலும் கிடைக்காது. வெள்ளைத்துரைக்குப் பார்வை மங்கிவிட்டது, இனி ஓட்ட முடியாது. அப்பா வாங்கிய வண்டி பழைய இரும்புக்குப் போகாமல், வைத்துக் காப்பாற்றுகிறவர் கைக்குப் போக வேண்டும் என்பதே அவர் ஆசை. பேசுவதற்கு நண்பர் தனிஸ்லாஸை அழைத்தார். இவரும் பெரிய மனுஷராகச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

சிம்மக்கல் வண்டியைப் பார்த்துவிட்டுக் கல்லுப்பட்டிக்கு வந்தவர், தாழ்ந்த மாடலான இதற்கும் பானெட் ஏன் உயரமாக இருக்கிறது என்று கேட்டார். தனிஸ்லாஸ் சொன்னார். முப்பது வருடங்களுக்கு முன் பெட்ரோல் கட்டுப்படியாகாமல் எல்லோரும் டீசல் இன்ஜினுக்கு மாற்றினார்கள். வெள்ளைத்துரை தயங்கினார், தனிஸ்லாஸ்தான் விடவில்லை. புது இன்ஜின் உயரம், பானெட் மூடவில்லை. வேறொன்று அடித்துப் போட்டார்.

பழைய பானெட் மட்டும் இருந்தால் மற்றதைச் சரிசெய்துகொள்ளலாம், இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றார் வந்தவர். வெள்ளைத்துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“மாப்ள, அதை எங்கிட்டுப் போட்டு வச்சிருக்க?”

தனிஸ்லாஸ் குனிந்து, டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடந்த ரப்பர் பாயை விலக்கினார். வண்டியின் இற்றுப்போன தரைக்கு அந்தப் பானெட்டைத்தான் வெட்டி, தட்டி, வெல்டிங் வைத்திருந்தார். அதில் கம்பெனிப் பெயரின் மூன்று எழுத்துகள் சுத்தியலுக்கு மசியாமல் இன்னும் புடைத்திருந்தன.

வந்தவர் அதைத் தடவிப் பார்த்தார். சிம்மக்கல் வண்டி சாதாரண மாடல்தான், ஆனால் யார் கையும் பட்டு மாறவில்லை, அதையே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வெள்ளைத்துரை குனிந்து விரலால் எழுத்துகளைத் தேடினார்.

“அப்ப இம்புட்டு வருசமா இதுமேலதான் மிதிச்சுக்கிட்டு இருந்தேனா?” ரப்பர் பாயை மறுபடி விரித்துவிட்டு, “தரை நல்லா உழைச்சிச்சு மாப்ள” என்றார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்கிறார் தனிஸ்லாஸ். தகரத்தைப் பற்றி இப்போது அவர் வாய் திறப்பதில்லை.