சுவரில் இடமில்லாத மட்டை

சமயபாடத்தை நான் இருபது வருடமாக ஒரே மாதிரித்தான் படிப்பித்தேன். கேள்வியை நான் கேட்பேன், பதிலைப் பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவிப்பார்கள். ஒரு சொல் பிசகினாலும் திரும்பச் சொல்ல வைப்பேன். முல்லைத்தீவுக் கடற்கரையில் உள்ள எங்கள் கத்தோலிக்கப் பாடசாலையில் இதற்காகவே எனக்கொரு பட்டப்பெயரும் இருந்தது. அது இங்கே வேண்டாம்.

பிறகு வவுனியாவில் ஒரு செயலமர்வு வைத்தார்கள். இனிப் பாடமாக்கல் வேண்டாம், பிள்ளைகள் வீட்டிலும் ஊரிலும் கேட்டறிந்து தாங்களே படிக்கட்டும் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். "ஐந்தில வளையாதது ஐம்பதில வளையுமோ ரீச்சர்?" என்று பக்கத்தில் இருந்த கணித ஆசிரியை சிரித்தார். எனக்குச் சுள்ளென்றது. வளைந்து காட்டுகிறேன் என்று அப்போதே முடிவெடுத்தேன்.

நவம்பர் எங்களுக்கு மரித்தவர்களின் மாதம். தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கடதாசி மட்டை கொடுத்தேன். அதில் மூன்று தலைப்புகளை நானே எழுதியிருந்தேன்: பெயர், இறந்த நாள், அவரைப் பற்றி வீட்டில் கேட்டறிந்த ஒரு விடயம். பெரியப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே செபமாலை சொல்லுவார் என்று ஒரு பிள்ளை எழுதியது. மாமி கோபம் வந்தால் பானையோடு கதைப்பா என்று இன்னொன்று. பிள்ளைகள் அப்படி ஆசையோடு சமயம் படித்ததை நான் கண்டதில்லை. போன இருபது வருடத்தை நினைக்க வெட்கமாக இருந்தது. மட்டைகளை வகுப்புச் சுவரில் சிலுவை வடிவில் ஒட்டினோம்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் செத்தவர்களின் பெயரைத்தான் நவம்பர்ப் பூசையில் வாசிக்கக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். காணாமல் போனவர்களின் பெயர் அதில் சேராது. அது செவ்வாய்க்கிழமைகளில் தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோனியாரிடம் போகும். ஊரில் எவருக்கும் தெரிந்த வழக்கம் என்பதாலோ என்னவோ, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பெற்றோரைச் சுவரைப் பார்க்க அழைத்தோம். ஒரு தாய் ஒரு மட்டையின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய மூத்த மகன் போரின் கடைசிச் சண்டையில், பதினேழு வயதில் காணாமல் போனவன். என் வகுப்பில் இருந்த மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். அவளுடைய மட்டையில் அண்ணாவின் பெயர் இருந்தது. இறந்த நாள் வெறுமை; ஒட்டும் அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. கீழே, 'அண்ணாவுக்குக் கடல் என்றால் பயம். அப்பாவுக்கு மட்டும் சொன்னவர்.'

"என்ர பிள்ளை செத்துப்போனான் எண்டு ஆர் சொன்னது?"

"செத்த ஆக்களில ஆரை எழுதுறதெண்டு அப்பாட்டக் கேட்டனான்" என்றாள் மகள். "அப்பாதான் அண்ணாவை எழுதச் சொன்னவர்."

தகப்பன் பின்னால் நின்று நிலத்தைப் பார்த்தார். இத்தனை வருடம் மனைவியிடம் வாய் திறந்து சொல்லாததை, பள்ளிக்கூட வேலை என்றதும் பிள்ளையிடம் சொல்லிவிட்டிருக்கிறார். தாய் மட்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. பாடமாக்கிய பதில் எந்த வீட்டையும் இப்படி வெட்டியதில்லை.

அடுத்த கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாய் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

"பிழை விட்டிட்டன் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

உள்ளே போய் மட்டையைக் கொண்டுவந்தார். இறந்த நாள் என்று நான் எழுதியிருந்த இடத்தைப் பேனையால் கீறிக் கீறி, மட்டை கிழிந்தே போயிருந்தது. மற்ற வரிகளில் ஒரு கீறலும் இல்லை.

"கடலுக்குப் பயந்தவனாம் ரீச்சர். எனக்குத் தெரியாது. தேப்பனோட கடல் தொழிலுக்குப் போ, போ எண்டு ஒவ்வொரு நாளும் நான்தான் கலைச்சனான்."

அழுதார். நானும் அழுதேன்.

"கொண்டுபோங்கோ. பள்ளிக்கூடத்தில இருக்கட்டும். ஆனா அந்தச் சுவரில வேண்டாம்."

காணாமல் போனவர்களுக்கென்று எங்களிடம் வேறு சுவர் இல்லை. மட்டையை வரவு இடாப்புக்குள் வைத்திருக்கிறேன். காலையில் பெயர் கூப்பிட இடாப்பைத் திறக்கும்போது முதலில் அவன் பெயர்தான் கண்ணில் படுகிறது.