வெள்ளைக் கோட்டில் பழகிய வண்டி

வீட்டில் அவளுக்குப் பெயர் இன்ஜினியரம்மா. மரியாதைக்கு வைத்த பெயர் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். பள்ளியில் படிக்கும்போது மேசை விசிறியைக் கழற்றித் திரும்ப மாட்டி, நான்கு திருகாணிகளை மிச்சம் பிடித்துக் காட்டினாள். அன்றைக்கு அம்மா வைத்த பெயர் அது. "கம்பெனிக்காரன் தேவையில்லாம நாலு போட்டிருக்கான்மா" என்று அவள் அடித்துப் பேசினாள். எந்தத் தப்பு நடந்தாலும் அதை யார் தலையிலாவது கட்டிவிடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இன்று இதையெல்லாம் அவளே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அன்று யாராவது சொல்லியிருந்தால் கடித்துக் குதறியிருப்பாள்.

கல்லூரியில் இரண்டாம் வருடம். முதல் வருட லேப் தேர்வில் ஒரு சின்ன விளக்கை மினுக்க வைக்கச் சொன்னார்கள். அவளுடைய விளக்கு கண்ணையே திறக்கவில்லை. கரண்ட் சரியில்லை என்று வீட்டில் சொன்னாள். பக்கத்து மேசைகளில் பன்னிரண்டு விளக்குகள் ஜோராக எரிந்ததைச் சொல்லவில்லை. விஷயம் பெரியப்பா காதுக்குப் போனது. "அதுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுடா. பேசாம என் ஆபீஸ் பக்கம் கணக்கு வேலைக்குப் படிக்கட்டும்" என்றார். அப்பா அண்ணன் பேச்சைத் தட்டாதவர். ஆனாலும் மகளைக் கூப்பிட்டு, "இந்த ஒரு தடவை பார்ப்போம். இதுலயும் போச்சுன்னா பெரியப்பா சொல்றதுதான்" என்றார். அவளும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிவிட்டாள்.

இந்த வருடத் தேர்வு, தானாகக் கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோ. ரோபோ என்றதும் கை, கால், பேச்சு என்று அம்மா என்னென்னவோ நினைத்துக்கொண்டாள். வந்ததோ சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வண்டி. இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம், முன்னால் தரையைப் பார்த்தபடி இரண்டு சென்சார். சென்சார் தரைமேல் ஒளியை அடிக்கும். வெள்ளைத் தரை அதை நிறையத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வண்டி கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் நாள் பேட்டரியைத் தலைகீழாக மாட்டிப் புகை வரவழைத்தாள். பழி கடைக்காரர் தலையில். மறுநாள் ஒரு மோட்டாரின் ஒயர் மாறிப்போய், வண்டி இருந்த இடத்திலேயே தட்டாமாலை சுற்றியது. பழி அம்மா கழுவிவிட்ட வழுக்கும் தரைமேல். "ஆமாண்டி, உன் வண்டிக்காக நான் வீட்டைக் கூட்டாமலே கிடக்கணும்" என்று அம்மா துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவே களத்தில் இறங்கினார். அவருக்கு வேலையே சாலையில் கோடு போடுவது. கோடு என்று ஒரு விஷயம் வீட்டுக்குள் வந்திருக்கிறது, அவர் சும்மா இருப்பாரா? பழைய பலகை ஒன்றுக்குக் கறுப்பு அடித்து, காயவைத்து, நூல் பிடித்து, வளைவு நெளிவோடு வெள்ளைக் கோடு போட்டார். அவ்வளவு நேர்த்தியான கோட்டை எந்த ரோபோவும் பார்த்திருக்காது. அந்த வீட்டில் பிறந்ததிலிருந்து அவள் பார்த்த கோடெல்லாம் கறுப்பில் வெள்ளைதான். கோடு வேறு நிறத்திலும் இருக்கும் என்று அங்கே யாருக்கும் தோன்றவே இல்லை.

புரோகிராம்? அதை மேல்வகுப்பு அக்கா ஒருத்தி எழுதிக் கொடுத்தாள். "என்ன கோடு?" என்று அக்கா கேட்டபோது, "வெள்ளைக் கோடுதான்க்கா" என்று நம் இன்ஜினியரம்மா பட்டென்று சொன்னாள். லேப் சார் கொடுத்த தேர்வு விவரத் தாளில் எல்லாம் எழுதியிருந்தது. ஆனால் பலகை வைத்த மேசை ஆடாமலிருக்க அந்தத் தாளை நான்காக மடித்து அதன் காலுக்கு அடியில் கொடுத்திருந்தாள். வண்டி வீட்டுப் பலகையில் நாற்பது சுற்று ஓடியது. அம்மாவே கைதட்டினாள்.

தேர்வு நாள். லேபின் நீள மேசைமேல் வெள்ளைத் தாள் விரித்து, கறுப்பு டேப்பால் கோடு ஒட்டியிருந்தார்கள்.

"சார், கோட்டக் கறுப்பா ஒட்டிட்டீங்க" என்றாள் அவள்.

லேப் முழுக்கச் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "பத்து நிமிஷம். ஒரு முழுச் சுத்து ஓடணும். ஆரம்பிம்மா."

வண்டியை வைத்தாள். அசையவில்லை. சுற்றிலும் வெள்ளை, எல்லாமே கோடுதான் என்று நினைத்து, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் அது நின்றுவிட்டது. விரலால் லேசாக நகர்த்தினாள். கறுப்புக் கோட்டைக் கண்டதும் கடன்காரனைக் கண்டதுபோல் மறுபக்கம் திரும்பி விலகிப் போய் நின்றது. அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. வாய் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை.

"எங்கப்பாதான் சார் கோட்ட மாத்திப் போட்டுட்டாரு."

"தாள உங்கப்பாகிட்டயா குடுத்தேன்?"

அப்பா அந்த ஞாயிறு முழுக்க முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். முதுகு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்தார். அந்த மனுஷனைப் போய்ப் பத்துப் பேர் முன்னால் காட்டிக் கொடுத்தோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"புரோகிராமும் நான் எழுதல சார்" என்றாள் மெல்ல.

"எழுதாட்டி போகுது. படிச்சாவது பாத்தியா?"

அதுவும் இல்லை. கணினி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்தாள். ஓரிடத்தில் 'திரும்பும் ஒளி ஐந்நூறுக்கு மேல் இருந்தால் கோடு' என்று இருந்தது. மேல் என்பதைக் கீழ் என்று மாற்றினாள். வண்டி நிற்காமல் வலப்பக்கமே சுற்றியது. பின்னால் யாரோ "கிறுகிறுத்துப் போச்சு" என்றார்கள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இடது சென்சாரை மட்டும் மாற்றியிருக்கிறாள், வலதுக்கும் தனியாக ஒரு வரி இருக்குமே என்று தேடிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது.

சார் ஏட்டில் எழுதிவிட்டு எழுந்தார். எல்லோரும் போனார்கள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டாவது வரி கிடைத்தது. மாற்றினாள். வண்டி கோட்டைப் பிடித்துக்கொண்டு, வளைவில் தயங்கி, தலையைத் திருப்பி, போனது. முழுச் சுற்று. சாவியோடு காத்திருந்த லேப் உதவியாளர், "பூட்டணும்மா" என்றார்.

"இன்னும் ஒரே ஒரு சுத்துண்ணே."

ஃபெயில் ஆன பிறகு இவ்வளவு சந்தோஷமாக இருப்பது நியாயமா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியே வராந்தாவில் நிற்கும்போது அப்பாவின் போன் வந்தது. பின்னால் லாரிகளின் இரைச்சல்.

"ஓடிச்சாம்மா?"

"ஓடிச்சுப்பா. நேரம் முடிஞ்சப்புறம் ஓடிச்சு. ஃபெயில்தான்."

"அன்னிக்கு நான் போட்ட கோட்டுல ஏதும் கோளாறாம்மா?"

இப்படி ஒரு வாய்ப்பை அவள் தன் ஆயுளில் விட்டதே கிடையாது.

"கோடு நல்லாத்தான் இருந்துச்சுப்பா. நான்தான் அவங்க குடுத்த தாளப் படிக்கல. என் தப்புதான். அடுத்த தடவ நானே எழுதி ஓட்டுவேன். எனக்கு இந்தப் படிப்புதான்பா வேணும்."

அப்பா யாரிடமோ "நீ போட்டுக்கிட்டே இருப்பா, வரேன்" என்று சொல்வது கேட்டது. பிறகு ஓரமாக வந்திருப்பார் போல, இரைச்சல் குறைந்தது.

"சரி. பெரியப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.