வெளுக்காத படம்

என் கேமராவைப் பிடுங்கி வைத்துக்கொண்ட வார்டன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் முயற்சி செய்ததும் இல்லை.

நான் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரி. டிப்ளமோ முடித்த கையோடு ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனி ஏற்பாடு செய்திருந்த பெண்கள் ஹாஸ்டலில் அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருந்தோம். ஷிப்ட், பஸ், சாப்பாடு, தூக்கம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் துணி துவைப்பது. இப்படியே ஒரு வருடம் போன பிறகு செகண்ட் ஹேண்டில் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். தண்டலத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தவர், தனக்குப் பெரியதாக ஒன்று வாங்கிவிட்டு இதை விற்றார். ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்றும் சின்ன ஜூம் ஒன்றும் அதோடு வந்தன.

எதற்கு வாங்கினாய் என்று கேட்காதவர்கள் இல்லை. கல்யாண ஆர்டர் எடுக்கப் போகிறாயா, யூடியூப் ஆரம்பிக்கப் போகிறாயா என்றார்கள். சும்மா, ஆசைக்கு என்றேன். யாரும் நம்பவில்லை. எதிர் ஹாஸ்டல் பையன்கள் பைக்குக்கு விதவிதமாக சைலன்ஸர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய் எதற்கு என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்யும் ஒரு பெண், வருமானம் தராத ஒரு பொருளை ஆசைக்கு வைத்திருக்கலாம் என்பதுதான் அவர்களுக்குச் செரிக்கவில்லை.

கற்றுக்கொள்ள ஆள் இல்லை. தப்பு செய்துதான் கற்றேன். முதல் மாதம் வல்லக்கோட்டைக்குப் போய்க் கோயில் கோபுரத்தை எடுத்தேன். கோபுரத்துக்கு மேலே வானத்தில் ஒரு கரும்புள்ளி. பருந்து என்று நினைத்து மகிழ்ந்துபோனேன். அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே பருந்து. கோயிலை விட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பை எடுத்தாலும் பருந்து கூடவே வந்தது. அது தூசி. பழைய கேமராக்களில் இருப்பது போல இந்த வகைக் கேமராவில் உள்ளே மறைப்பாக ஒரு கண்ணாடி கிடையாது. லென்ஸைக் கழற்றினால் படம் பதியும் சென்சார் வெட்டவெளியில் நிற்கும். கன்டெய்னர் லாரிகள் கிளப்பிவிடும் ஒரகடம் ரோட்டுத் தூசியில் நின்றுகொண்டு நான் லென்ஸ் மாற்றியிருக்கிறேன். அதன் பிறகு ஒரு ரப்பர் ஊதுபந்து வாங்கினேன். கேமராவை ஆஃப் செய்து, லென்ஸைக் கழற்றி, அதன் வாயைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, அந்தப் பந்தை அழுத்திக் காற்றடித்தால் புள்ளி உதிர்ந்துவிடும். வாயால் மட்டும் ஊதக் கூடாது, எச்சில் தெறித்தால் கதை முடிந்தது. பருந்து போன அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் முதல் சம்பளத்தன்று கூட வந்ததில்லை.

என் அறையில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். லைனிலும் எனக்கு அடுத்த இடம் அவளுக்குத்தான். நல்ல கறுப்பு, நல்ல உயரம், பேச்சில் கத்தி. அவளுக்கு வரன் பார்க்கிறோம், ஒரு போட்டோ அனுப்பு என்று வீட்டிலிருந்து சொன்னார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டு வந்தாள். வந்த படத்தைக் கட்டிலில் போட்டு நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சேலை அவளுடையது, தோடு அவளுடையது. முகம் மாவு பூசியது போல வெளுத்துக் கிடந்தது. மூக்கின் ஓரத்தில் இருந்த மச்சத்தைக் கூடத் துடைத்திருந்தார்கள்.

அவள் அதை வெகு நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“ஏட்டி, நீ எடுத்துத் தா. ஆனா வெளுக்காத.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடிக்குப் போனோம். கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைப் பெட்ஷீட்டுக்கு எதிரே அவளை நிறுத்தினேன். வெயில் பெட்ஷீட்டில் பட்டு அவள் முகத்துக்குத் திரும்பி வந்தது. கேமராவை அதன் போக்கில் விட்டால், நெருக்கத்தில் வைத்த கறுப்பு முகத்தை இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னத் திரையில், படம் எப்படி வரும் என்பது எடுப்பதற்கு முன்பே தெரியும் என்பது இந்தக் கேமராவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அவள் நிறம் அவள் நிறமாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பிறகு எடுத்தேன்.

அவளிடம் திரையைக் காட்டினேன். கன்னத்தில் வெயில் பட்ட இடம் செம்பு மாதிரி மின்னியது. மச்சம் இருந்தது. “நல்லாத்தான இருக்கேன், என்ன?” என்றாள். என்னிடம் கேட்டது போலவும் இருந்தது, ஊரையே கேட்டது போலவும் இருந்தது.

அதைப் பார்த்து மற்ற பெண்களும் வந்தார்கள். அதுவரை அவர்களிடம் இருந்ததெல்லாம் ஐடி கார்டில் விறைத்து நிற்கும் படமும், போனில் தானாகவே வழவழப்பாகிவிடும் செல்ஃபியும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் ஒரு சின்ன வரிசையே நின்றது. ஆந்திரா எல்லையோரத்துப் பெண் ஒருத்தி, கொஞ்சம் வெள்ளையாக ஆக்கிக் கொடு அக்கா என்று கெஞ்சினாள். மாட்டேன் என்றேன். உனக்கென்ன நஷ்டம் என்றாள். நஷ்டம் எதுவும் இல்லை, ஆனால் நான் செய்ய மாட்டேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் நான் அந்த ஹாஸ்டலில் இருந்தவரை என்னோடு பேசவில்லை. பரவாயில்லை.

வார்டன் மாடிக்கு வந்தது அப்படி ஒரு காலையில்தான். ஸ்ரீபெரும்புதூர்க்கார அம்மா, ஐம்பதைத் தாண்டியவர். படியேறிய மூச்சிரைப்போடு நின்று எல்லோரையும் பார்த்தார்.

“இன்னாமா இது, ஸ்டுடியோ தொறந்துக்கினு கீறியா?”

கேட்டவர்களை மட்டும்தான் எடுக்கிறேன், படத்தை அவரவரிடமே கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். நாளைக்கு ஒரு பெண்ணின் படம் வெளியே போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். எல்லோரும் போனிலும்தான் எடுக்கிறார்கள் என்றேன்.

“போனு வேற. இது இன்னாத்துக்கு இம்மாம் பெர்சு?” என்று கையை நீட்டினார்.

என் கழுத்தில் மாட்டியிருந்த வாரைப் பிடித்து இழுத்தே வாங்கிக்கொண்டார். உன் அப்பா நேரில் வந்தால்தான் தருவேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது பிறகு தெரிந்தது. நாங்கள் வருவதற்கு முன்னால் அங்கே தங்கியிருந்த ஒரு பெண்ணின் படத்தை யாரோ போனில் எடுத்துப் பரப்பிவிட, அவள் வீட்டார் வந்து வேலையை விடச் சொல்லி அழைத்துப் போய்விட்டார்கள். ஹாஸ்டல் வாசலில் நின்று வார்டனைத்தான் ஏசியிருக்கிறார்கள். அவர் பயப்பட்டதில் நியாயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு என் கேமராவைப் பலி கொடுத்ததில் நியாயம் இல்லை. படத்தைப் பரப்பியவனின் போனை யாரும் பிடுங்கவில்லையே.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் ஊரில் மினி பஸ் ஓட்டுகிறார். கேமரா வாங்கியதே அவருக்குப் பிடிக்கவில்லை. “விட்டுரும்மா. பொம்பளப் புள்ள போன எடத்துல பேரு கெடக் கூடாது. ஊருக்கு வாரப்ப பாத்துக்கிடுவோம்” என்றார். அவர் வர மாட்டார் என்று தெரிந்துகொண்டேன். யோசித்துப் பார்த்தால், அவர் வந்து வாங்கித் தருவதிலும் எனக்கு விருப்பமில்லை.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கேமராவைத் துணிப் பையோடு அப்படியே கீழ்த்தள ஆபீஸில் ஓர் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். பீரோ சாய்ந்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். சுண்ணாம்பு ஊறி உப்பிக் கிடந்தது. ஈரத்தில் வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்று போய்ச் சொன்னேன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையாவது உள்ளே வையுங்கள் என்று கொடுத்தேன். கேமராவுக்கு மருந்தா என்று சிரித்து, அதை மேஜை மேலேயே போட்டுவிட்டார். மறுமுறை போனபோதும் பொட்டலம் அங்கேயே கிடந்தது.

அந்த மழையிலேயே தென்காசிக்காரிக்குப் பதில் வந்தது. மாடியில் எடுத்த படத்தைத்தான் அவள் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். பையன் வீட்டில் நிறம் கம்மி என்று சொல்லிவிட்டார்களாம். ஸ்டுடியோ படத்தை அனுப்பு, வேறொரு இடத்துக்குக் காட்டலாம் என்று அவள் அம்மா அழுதார். அவள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் அறையில் எல்லோருக்கும் கேட்டது.

“அந்தப் படத்தப் பாத்து வாரவன் அந்தப் படத்தையே கெட்டிக்கிடட்டும்மா. எனக்கு வேண்டாம்.”

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. வா, கேமராவை வாங்கிக்கொண்டு வரலாம் என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் கீழே இறங்கினோம். மாடியில் படம் எடுத்துக்கொண்ட பெண்கள் சிலர், கூப்பிடாமலே பின்னால் வந்து ஆபீஸ் வாசலில் நின்றார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான்.

வார்டன் பழையபடி அப்பா வரட்டும் என்றார்.

“எனக்கு இருவத்திரெண்டு வயசு மேடம். கம்பெனியில கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேந்தது நான். கேமரா வாங்குனதும் நான்தான். எங்கப்பா எதுக்கு வரணும்?”

அவர் வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கேமரா வேண்டுமென்றால் அறையைக் காலி செய்துவிட்டு எடுத்துக்கொண்டு போ என்றார். அங்கே அந்த வார்த்தைக்கு யாராக இருந்தாலும் அடங்கிவிடுவார்கள். ஹாஸ்டலை விட்டால் தங்க இடம் கிடையாது, தனியாக இருக்கும் பெண்களுக்கு எவரும் வீடு தருவதில்லை. அது எனக்கும் தெரியும்.

“காலி பண்ணுதேன்” என்றேன்.

“நானும்” என்றாள் தென்காசிக்காரி.

வார்டன் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் சாவிக்கொத்தைத் தேடுவது போல இருந்தார். பிறகு பீரோவைத் திறந்து பையை எடுத்து மேஜையில் வைத்தார். உங்கள் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றார். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அறைக்கு வந்து லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஐம்பது எம்எம் லென்ஸின் உள்ளே, ஓரத்தில், சிலந்தி வலை போல மெல்லிய வெள்ளை இழைகள் கிளை விட்டிருந்தன. அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் அழக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

சென்னையில் லென்ஸ் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பிரித்துத் துடைத்தார். பூஞ்சை போய்விட்டது, ஆனால் அது தின்ற இடத்தில் கண்ணாடியின் மேல்பூச்சு கொஞ்சம் போயிருந்தது. சாதாரணமாகத் தெரியாது, வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் லேசாகப் புகை மூட்டமாகும் என்றார். வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் தள்ளவில்லை. இன்றைக்கும் அதில்தான் எடுக்கிறேன், வேண்டுமென்றே சில நாள் வெயிலுக்கு எதிரேயும் பிடிக்கிறேன்.

வீடு கிடைப்பது சுலபமாக இல்லை. இரண்டு பெண்கள் மட்டுமா, கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் வல்லக்கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்து அக்கா தன் வீட்டின் பின்பக்க அறையைக் கொடுத்தார். அவரே ஒரு கம்பெனியில் ஹவுஸ் கீப்பிங் வேலை பார்ப்பவர். வாடகை சொல்லிவிட்டு, “தண்ணி காலைல வரும், புட்ச்சி வெச்சிக்கங்க. வேற இன்னா கேக்கணும்?” என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அங்கே என் கேமராவுக்கும் ஓர் இடம் கிடைத்தது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் அரிசி டப்பா, அடியில் நீல நிறச் சிலிக்கா ஜெல். ஈரம் குடித்தால் நீலம் ரோஸாக மாறும். அப்போது சமையலுக்கு ஆகாத பழைய வாணலியில் போட்டு, ரவை வறுப்பது போல அடுப்பில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். வறுக்கும் வேலை தென்காசிக்காரியுடையது. கேமராவுக்கு உப்புமா கிண்டுகிறேன் என்பாள். அவள் அதன் பிறகு வந்த இரண்டு வரன்களுக்கும் மாடியில் எடுத்த படத்தையே அனுப்பினாள். ஒன்றும் அமையவில்லை. இப்போது லைன் லீடராகிவிட்டாள். அவசரமில்லை என்கிறாள்.

குடியேறிய சில மாதம் கழித்து, வீட்டுக்கார அக்கா தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் தனியாகப் படம் எடுத்துக்கொண்டதே இல்லையாம். நல்ல புடவை கட்டிக்கொண்டு வாங்க அக்கா என்றேன். வேலை முடிந்து வந்த யூனிபாரத்தோடு, தலையில் கட்டிய வலையைக் கூடக் கழற்றாமல், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இப்படியே எடு, நான் சிரிக்க மாட்டேன் என்றார். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்தது. நேராக லென்ஸைப் பார்த்தார். ஒரே படம்தான் எடுத்தேன்.

பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஃபிரேம் செய்து ஹாலில் மாட்டிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு வந்த நாத்தனார், கூட்டிப் பெருக்குகிற உடுப்போடு எதற்கு இதைப் போய் ஹாலில் மாட்டினாய், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று குறைப்பட்டார். நாங்கள் பின்பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அக்கா சமையலறையிலிருந்து வெளியே வரக்கூட இல்லை.

“இந்த வூட்ட அந்த உடுப்புதான் கட்டிச்சி. பாக்கறவங்க பாக்கட்டும்” என்றார். பிறகு, பிரியாணிக்குத் தட்டு எடுத்து வை என்று நாத்தனாரிடமே சொன்னார்.